சதுரக் காசு

நைனா விட்டுப்போன நோட்டில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தார். "என் பாட்டனார், கர்நாடிக் காலாட்படையில் சிப்பாய். மெசபடோமியா யுத்தம்." சித்தூர் ஜில்லாவில் தெலுங்குப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவர் அவர். பள்ளியில் தெலுங்கு, வீட்டுக் கணக்குக்குத் தமிழ். எதையும் யோசிக்காமல் எழுதமாட்டார். அதனால் அந்த வரியை நான் பல வருஷம் ரேஷன் கார்டில் இருக்கும் பெயரைப் போல நம்பினேன்.

எங்கள் ஊர் குடிபாலா பக்கம், சித்தூரிலிருந்து வேலூர் போகும் ரோட்டை ஒட்டிய ஒரு சேரி. அந்த மண்ணுக்குப் பட்டாளம் புதிதில்லை. ஹைதர் அலி 1782 டிசம்பரில் பாசறையிலேயே உயிர்விட்ட நரசிங்கராயன்பேட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்த வேலூர்க் கோட்டை, பஸ்ஸில் ஒரு மணி நேரம். கம்பெனி காலத்து மெட்ராஸ் படையில் எங்கள் ஜனங்கள் ஏராளமாக இருந்தார்கள். பிறகு ராபர்ட்ஸ் போன்ற பிரிட்டிஷ் தளபதிகள் வீர இனம், வீரமில்லாத இனம் என்று மனிதர்களைப் பிரிக்கத் தொடங்கியதும், தெற்கத்திப் படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்து வடக்கே ஆள் எடுத்தார்கள். தாத்தன் காலத்தில் பெருமையாக இருந்த உத்தியோகம் பேரன் காலத்தில் வாசலிலேயே நின்றுபோனது. நைனாவின் வரியைப் படிக்கும்போதெல்லாம், அந்தச் சாத்திய வாசலுக்குள் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் எப்படியோ நுழைந்துவிட்டார் என்று எனக்கு நெஞ்சு நிமிரும்.

தபால் இலாகாவிலிருந்து ஓய்வுபெற்று திருப்பதியில் குடியிருக்கத் தொடங்கியதும் அந்த வரியை முழுசாக்க ஆசைப்பட்டேன். எந்தப் படை, எந்த வருஷம், எந்தக் கப்பல். கர்நாடிக் என்ற பெயரில் அன்று ஒரு படை மட்டும் இல்லை. 73, 75, 79, 80, 86 என்று எண் போட்ட பல பட்டாலியன்கள். 1922இல் அவற்றில் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று பெயர் வைத்து, அதையும் சில வருஷங்களில் கலைத்துவிட்டார்கள்.

படை மட்டுமா, ஜில்லாவும் அப்படித்தான். நைனாவின் அந்தப் பாட்டனார், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் தாத்தாதான், பிறந்தபோது எங்கள் ஊர் வட ஆற்காட்டில் இருந்தது. அன்றைக்கு அதன் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரலில் சித்தூர் தனி ஜில்லா. 1953 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து பிரிந்து ஆந்திரா. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி ஜில்லாவாகிவிட்டது. ஊர் நகரவில்லை, காகிதம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் சித்தூருக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பஞ்சாபிலிருந்து போன 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக எழுதிய பேரேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்ததை எடுத்து 2021இல் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். அதைத் திறந்து, யாரோ ஒரு பஞ்சாபிக்காரரின் கொள்ளுப்பேரன் ஒரு நிமிஷத்தில் தன் ஆளைக் கண்டுபிடிப்பதை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் என் கண்ணில் பட்டது ஒரு பள்ளிக்கூடச் சுவரில் பதித்த கல். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர். ஓர் எண், அதன் கீழே இன்னோர் எண். பெயர் கிடையாது. இந்தியாவில் எத்தனையோ ஊர்ச் சுவர்களில் இதே மாதிரிக் கல் இருக்கிறது.

கடைசியில் பதில் எழும்பூரில் இல்லை, அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அத்தை, நைனாவின் தங்கச்சி. எண்பதை நெருங்குகிறது. ஊரை விட்டு நகர மாட்டேன் என்று அங்கேயே இருக்கிறது. "தாத்தாவோட வில்லை இங்கதான்டா கீது, பாக்கறியா?" என்று ஒரு பழம்புடவைத் துண்டை எடுத்து என் மடியில் வைத்தது. உள்ளே இரண்டு பொருள். ஒரு பதக்கம். சின்ன மஞ்சள் துணியில் இறுக்கி முடிந்த ஒரு முடிப்பு.

பதக்கம் பழைய எட்டணாவை விடப் பெரிசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரைமேல் உடையில்லாத வீரன், குதிரைக் காலடியில் ஒரு கேடயம், ஒரு மண்டையோடு, ஓரங்களில் 1914, 1918. பிரிட்டிஷ் வார் மெடல். படத்தில் பலமுறை பார்த்ததுதான். ஆனால் நான் படத்தில் பார்த்தவை வெள்ளி. இது பழுப்பு. தேய்ந்துபோய் இப்படி ஆகிவிட்டதோ என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். தேயத்தேயச் செம்பு நிறம்தான் ஏறியது.

இந்தப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொறித்திருப்பார்கள். ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளிம்பைக் கண்ணுக்கு அருகே வைத்துச் சுற்றினேன். ஆங்கில எழுத்து. முதலில் ஓர் எண். கடைசியில் போர்ட்டர் கோர், அதாவது மூட்டை தூக்குகிறவர்களின் பிரிவு, என்று சுருக்கமாக. நடுவில் ஒரு தமிழ்ப் பெயர், ஆங்கிலக்காரன் காதில் விழுந்த மாதிரி உடைந்து. பெயருக்கு முன்னால், சிப்பாய் என்றோ நாயக் என்றோ இருக்க வேண்டிய இடத்தில், கூலி.

அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கூலி என்றால் நம் பேச்சில் செய்த வேலைக்குக் கிடைப்பது. "இன்னைக்குக் கூலி குடுத்தாங்களா?" என்றுதான் கேட்போம். ஆங்கிலத்துக்குப் போன சொல் நம்முடையதா, குஜராத்தின் கோலி என்ற ஜாதிப் பெயரா, இரண்டும் கலந்ததா என்று அகராதிக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். எங்கிருந்து போனாலும், அவன் கையில் கூலி என்பது காசின் பெயராக இல்லாமல் ஆளின் பெயர் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு ராஜாங்கப் பதக்கத்தின் விளிம்பில் பதவியாக உட்கார்ந்து சித்தூருக்குத் திரும்பி வந்திருக்கிறது.

படித்துத் தெரிந்துகொண்டது பிறகு. போராடும் சிப்பாய்க்கு இந்தப் பதக்கம் வெள்ளியில். சீனாவிலிருந்தும் மால்ட்டாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன லேபர் கோர் ஆட்களுக்கு வெண்கலத்தில். அச்சு ஒன்றுதான், உலோகம் வேறு. முதல் உலகப் போருக்கு இந்தியா அனுப்பிய ஆட்களில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் துப்பாக்கி பிடிக்காதவர்கள் என்று வரலாற்றாசிரியர் ராதிகா சிங்கா 2020இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டியவர், காயம்பட்டவரைத் தூக்கியவர், தோட்டி, மூட்டை தூக்கியவர். ஐந்தரை லட்சத்தில் ஒருவர் எங்கள் தாத்தா.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. காலாட்படைச் சிப்பாயின் கொள்ளுப்பேரன் என்று அத்தனை வருஷம் நிமிர்ந்த நெஞ்சு, கூலி என்ற ரெண்டு எழுத்துச் சத்தத்துக்குக் குனிந்தது. அடுத்து வந்தது அதைவிடக் கஷ்டமான ஒரு கேள்வி. நைனாவுக்கு இங்கிலீஷ் நன்றாகப் படிக்கத் தெரியும். இந்தப் பதக்கம் அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் இருந்தது. விளிம்பு அன்றைக்கு இதைவிடத் தெளிவாகவே இருந்திருக்கும். எழுத்துத் தெரியாத ஒருவர் நோட்டில் எழுதியிருந்தால் தவறு என்று விட்டிருப்பேன். நைனா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

சில நாள் அவர்மேல் கோபமாகக்கூட இருந்தேன். போன மனுஷனிடம் சண்டை போடுவது எவ்வளவு களைப்பான வேலை! பிறகு அவர் வேலைக்குப் போன முதல் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆயா, என் பாட்டி, சொன்னது ஞாபகம் வந்தது. வாத்தியார்களுக்கு வைத்த தண்ணீர்ப் பானையில் அவருக்குத் தனி டம்ளர். ஆசிரியர் அறையில் யாராவது பரம்பரை பேசத் தொடங்கினால், கரணம், முன்சீஃப், ஜமீன் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் முகத்தைப் பார்ப்பார்களாம். அந்த அறையில் உட்கார்ந்திருந்த இருபத்தைந்து வயதுப் பையனுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டியிருந்தது. காலாட்படை என்பது அவர் தேடிக்கொண்ட பதில். பொய் என்று அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்காகத் தாத்தாவின் முதுகில் இருந்த மூட்டையை நைனா இறக்கி வைத்துவிட்டார். அதைத்தான் அந்த மனிதர் வருஷக்கணக்கில் சுமந்தார். அதை எடுத்துவிட்டால் அவர் என்ன செய்தார் என்பதற்கு மிச்சம் ஒன்றுமில்லை.

அந்த மூட்டை என்ன என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1916 ஏப்ரல் 29 அன்று மெசபடோமியாவில் குட் என்ற இடத்தில், ஐந்து மாதம் முற்றுகையில் கிடந்து, தளபதி டவுன்ஷெண்டின் பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது. சாப்பாடு இல்லாமல் தோற்ற படை அது. மீட்கப் போனவர்களுக்குப் போதுமான படகு இல்லை, ரோடு இல்லை, ரயில் இல்லை. பஸ்ரா துறைமுகத்தில் கப்பலைக் கரையில் அணைக்கச் சரியான துறைமேடைகூடக் கிடையாது. நடு ஆற்றில் நின்ற கப்பலிலிருந்து சரக்கை நாட்டுப் படகில் இறக்கி, படகிலிருந்து சேற்றில் இறக்கி, சேற்றிலிருந்து தோளில். கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. துப்பாக்கியும் சிப்பாயும் இருந்தும் தோற்றதற்குக் காரணம் தூக்க ஆள் இல்லாதது என்று அதற்குப் பிறகுதான் லண்டனுக்கும் சிம்லாவுக்கும் புத்தியில் ஏறியது. அப்புறம்தான் மூட்டை தூக்குகிறவர்களைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். பஸ்ராவிலிருந்து நாஸிரியாவுக்கு மீட்டர்கேஜ் ரயில் போட்டார்கள், இந்தியாவிலிருந்து கொண்டுபோன தண்டவாளத்தில். காட்பாடிக்கும் பாகாலாவுக்கும் நடுவே சித்தூர் வழியாக ஓடிய அதே அகலப் பாதை. தன் ஊர் ரயில் பாதையின் அகலத்தை அங்கே பாலைவனத்தில் பார்த்தபோது தாத்தாவுக்கு என்ன தோன்றியிருக்கும்? இந்த இடத்தில் மட்டும் என் கற்பனையைக் கட்டிப்போட முடியவில்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. 1916 முடிவிலிருந்து இந்தியச் சிறைகளிலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள். பஸ்ராவுக்குப் போய் மூட்டை தூக்கினால் தண்டனை குறையும். ஆயிரக்கணக்கான கைதிகள் போனார்கள். அவர்களை வைத்துக் கட்டிய பிரிவுகளுக்கும் போர்ட்டர் கோர், லேபர் கோர் என்றுதான் பெயர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலூரில் பெரிய ஜெயில்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. வீட்டில் சொன்னபோது, "போனவங்களைத் தோண்டி என்ன செய்யப் போறீங்க, விட்டுடுங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. தாத்தா திரும்பி வந்து இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தவர். ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை என்கிறார்கள். அவர் சொல்லாமல் விட்டதை நான் கிளறலாமா? பல நாள் யோசித்தேன். நான் நிறுத்தினால் அது அவருடைய மௌனத்துக்குக் கொடுக்கும் மரியாதையாக இருக்காது, என் பயமாகத்தான் இருக்கும். காலாட்படை என்றிருந்தால் கடைசி வரை தோண்டியிருப்பேன் அல்லவா? பெருமை வரும் என்றால் தேடுவதும் அவமானம் வரும் என்றால் மரியாதை என்று ஒதுங்குவதும் என்ன நியாயம்? எங்கள் ஜனங்களை அன்று எதற்கெல்லாம் ஜெயிலில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பண்ணையை விட்டு ஓடியவன், காட்டில் விறகு வெட்டியவன், வரப்பில் கை வைத்தவன். கைதியாகப் போயிருந்தால் கைதியாகவே அவர் எனக்குத் தாத்தா. அதனால் மறுபடி எழும்பூருக்குப் போனேன். ஜெயில் கட்டுகளைக் கேட்டு வாங்கி, மூக்கில் தூசி ஏற, மூன்று நாள் புரட்டினேன். அவர் பெயர் அகப்படவில்லை. அடுத்த மாதமும் போவேன்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். அதற்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. "மூட்டை தூக்கனாருன்னு அவ்வா சொல்லிக்கினே இருக்குமே! உங்க நைனாதான் அதைச் சொல்லாதேன்னு அதட்டுவான்," என்றது. அவ்வா என்றால் தாத்தாவின் சம்சாரம். ஐம்பதுகளின் நடுவில்தான் போனதாம். காப்பகத்துக்குப் போகும் முன் இந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். பெண்கள் சொல்வதை விட்டுவிட்டு விளிம்பில் எழுதியதைத் தேடுகிற புத்தி எனக்கும் இருந்திருக்கிறது.

பிறகுதான் மஞ்சள் முடிப்பைக் கையில் எடுத்தேன். ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். வேண்டியது நடந்தால் மலைக்குப் போய் உண்டியலில் செலுத்த வேண்டும். அதுவரை அவிழ்க்கக் கூடாது. மஞ்சள் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே இருந்த காசுக்கு நான்கு மூலை. மூலைகள் மழுங்கி, ஆனால் சந்தேகமில்லாமல் சதுரம்.

"ரெண்டணாடா. அவ்வா சொல்லும்," என்றது அத்தை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு முன் ரெண்டணா என்றால் சின்ன வட்ட வெள்ளிக் காசு. யுத்தத்தில் வெள்ளி தட்டுப்பாடாகி, செம்பும் நிக்கலும் கலந்து சதுர ரெண்டணா அடித்தது 1918இல்தான். அப்படியானால் அவ்வா இதை முடிந்தது அவர் புறப்பட்ட அன்று இல்லை. சண்டை முடியும் நேரத்தில், அல்லது முடிந்த பிறகு. 1918 நவம்பரில் போர் நின்றதும் சிப்பாய்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்கு மெசபடோமியாவில் இன்னும் வேலை இருந்தது. பட்டாளத்தார் எல்லாரும் வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் தாத்தா வந்தார் என்று ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊரில் மற்ற வீட்டு ஆட்கள் வந்துகொண்டிருக்க, தன் வீட்டு ஆள் மட்டும் வராத ஒரு நாளில் அந்தப் பெண் ரெண்டணாவைத் தேடி எடுத்து மஞ்சளில் முடிந்திருக்கிறது. அன்றைக்கு அது வெறும் சில்லறை இல்லை, ஒரு நாள் அடுப்பு.

அத்தனை காகிதம் தேடியும் கிடைக்காத ஒரு தேதிக்கு இவ்வளவு பக்கத்தில் என்னைக் கொண்டுவந்தது, எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லாத ஒருத்தியின் முடிச்சு. தாத்தாவுக்கு விளிம்பிலாவது ஒரு இடம் கிடைத்தது. அவ்வாவுக்கு அதுவும் இல்லை.

"வந்துட்டாரே அத்தே. அப்புறம் ஏன் செலுத்தல?"

அத்தை என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. "நம்மள எங்கடா உள்ள வுட்டாங்க?"

மெட்ராஸ் மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. தாத்தா செத்தது 1943இல். சட்டம் வந்த பிறகு போகலாமே என்று யாரோ சொன்னபோது, "எவர் வரணும்னு வேண்டினனோ அவரே இல்ல, நான் மட்டும் போயி இன்னா சொல்றது" என்று அவ்வா மறுபடி பெட்டியில் வைத்துவிட்டதாம்.

நோட்டில் நைனாவின் வரியை நான் அடிக்கவில்லை. அதன் கீழே என் கையெழுத்தில், தேதி போட்டு, பதக்கத்தின் விளிம்பில் இருந்ததை அப்படியே எழுதினேன். அதற்கும் கீழே அவ்வாவின் பெயரையும், அது மூட்டை பற்றிச் சொன்னதையும், 1918க்கு முன் முடிந்திருக்க முடியாத ஒரு முடிப்பைப் பற்றியும் எழுதினேன். என் மகள் எந்த வரியை எடுத்துக்கொள்வாள் என்பது அவள் பாடு.

முடிப்பை அவிழ்த்து, காசின் வருஷத்தைப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று எனக்கு ஆசை. 1918ஆ, 1919ஆ, 1920ஆ என்று அதில் பொறித்திருக்கும். என் தேடலில் உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஒரே எண் அது. அத்தையிடம் கேட்டேன். "அவுக்காதடா," என்றது. வேறு எதுவும் சொல்லவில்லை.

போன புரட்டாசி கழிந்து கூட்டம் குறைந்ததும் அத்தையைத் திருப்பதிக்குக் கூட்டி வந்தேன். அலிபிரியில் ஏறும் முழங்கால் இல்லை அதற்கு. பஸ்ஸில் மலைக்குப் போனோம். முதியோர் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, பெருமாளைக் கண்மூடித் திறக்கும் நேரம் பார்த்து, வெளியே தள்ளுகிற கூட்டத்தோடு உண்டியல் பக்கம் வந்தோம். பெரிய வெள்ளைத் துணிக்குள் ஆளாளுக்கு நோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை இடுப்பில் செருகியிருந்த முடிப்பை எடுத்தது. கை நடுங்கியது. நான் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். அது துணியின் வாய்க்கு அருகே குனிந்து, பக்கத்தில் இருக்கிறவரிடம் சேதி சொல்கிற குரலில், "சாமி, அவரு வந்துட்டாரு," என்று சொல்லிவிட்டுக் கையை விட்டது.